தாவாத ராஜா

அய்யாவுவை ஒழிக்க வழி கிடைத்துவிட்டது. சொந்த மச்சான்தான், பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன்தான். என்ன செய்வது, பசுபதிக்குத் தன் உயிர் வெல்லமாயிற்றே!

தீபாவளியன்று அய்யாவு தன்னைத் தோற்கடித்த சதுரங்க ஆட்டத்தைப் பசுபதி முதலிலிருந்து அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ரப்பர் தோட்டத்து ஆட்டத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரை போலத் தாவலாம்; செக் வாங்கிவிட்டால் அந்த உரிமை போச்சு. அய்யாவு எப்போதும் ஆறாவது நகர்த்தலில் தாவி மூலையில் பதுங்குவான். ஐந்தாவதிலேயே செக் வைத்தால்?

காலையில்தான் ஜப்பானிய அதிகாரி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் குழந்தைவேலு வந்து ஒப்பித்துவிட்டுப் போனார். "கணக்கெழுதுற கிராணிங்க நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் சயாம் ரயில் பாதைக்குப் போகணும், ஒருத்தர் இங்க இருக்கலாம். சாயங்காலம் சதுரங்கம் ஆடுங்க. அதை வெச்சு முடிவு பண்ணுவாராம்."

சயாமுக்குப் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. ஓடலாமென்றால் தோட்டத்து வாசலில் துப்பாக்கி நின்றது.

"குழந்தைவேலு ஐயாவப் பாக்க அண்ணன் போயிருக்கு. நீங்க காய் நகத்திக்கிட்டு இருக்கீங்க," என்று மனைவி புஷ்பவள்ளி அழுதாள். "எனக்கு ரெண்டு பேரும் வேணும்ங்க."

"கெஞ்சப் போயிருப்பான். போகட்டும்."

சாயங்காலம் ஆபீசில் அதிகாரியின் முன்னால் இருவரும் ஆட உட்கார்ந்தார்கள். பயத்தில் பசுபதி படித்ததெல்லாம் மறந்து, ஐந்தாவது நகர்த்தலில் செக் வைக்கத் தவறினான். இனி அய்யாவு தாவிவிடுவான், தன் கதை முடிந்தது.

அய்யாவு தாவவில்லை. ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான்.

தோட்டத்துச் சிறுபிள்ளைகூட விடாத தாவல் அது. தங்கைக்காக விட்டுக்கொடுக்கிறான் என்று புரிந்ததும் பசுபதிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. அடுத்த ஏழே நகர்த்தலில் அய்யாவுவின் ராஜா விழுந்தது.

"என்னை மன்னிச்சிரு மச்சான்," என்று அய்யாவுவின் கைகளைப் பிடித்துக்கொண்டு பசுபதி அழுதான்.

அதிகாரி எழுந்து வந்து பசுபதியின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். குழந்தைவேலு தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார்.

"சயாம் ஆபீசுக்குக் கெட்டிக்காரன்தான் வேணுமாம். லாரியில ஏறுங்க, பசுபதி."

பசுபதி திகைத்துப்போய் மச்சானைப் பார்த்தான். அய்யாவு கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"ஜெயிச்சவன் என்ன ஆவான்னு நீ கேக்கவே இல்லையே மச்சான். நான் கேட்டேன்."