அறுந்த தோள்வார்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பி வழியாகத் தையல் மெஷின் மேல் கோடு கோடாக விழுகிறது. சாக்ஸஃபோன் பையின் அறுந்த தோள்வாரை ஊசிக்கடியில் வைத்து அவள் மிதிக்கிறாள். சாயங்கால ரயிலுக்குப் புருஷன் மறுபடியும் கிளம்புகிறான். இந்தத் தடவை ஏதோ கடற்கரை ஊர். அங்கே ஜாஸ் என்றால் உயிரை விடுகிறார்களாம். போன ஊரைப் பற்றியும் இதையேதான் சொன்னான். பிறகு, "வார் அறுந்துபோச்சு, அதான் வந்தேன்" என்று வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றான். இப்போது கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு, அட்டை கிழிந்த தன் பழைய நாவலை உரக்கப் படிக்கிறான். கதாநாயகன் விடியுமுன் லாரியில் தொற்றி ஏறுகிறான். அவன் பெண்டாட்டி வாசலில் நின்று கையசைக்கிறாள். எங்கிருந்தோ ஒரு சாக்ஸஃபோன் கூப்பிடுகிறது. அவன் முதல் தடவை கிளம்பியபோது இவளும் சிரித்துக்கொண்டே கையசைத்தவள்தான். கதையில் சாக்ஸஃபோன் கூப்பிடும் இடம் வந்தால் அவன் குரல் இன்றும் தழுதழுக்கிறது.

"என்னமா எழுதியிருக்கான் பாரு!"

மெஷின் நிற்கிறது. "கையசைச்சாளே, அவ அப்புறம் என்ன ஆனா?"

"யாரு?" என்கிறான். பிறகு பக்கங்களை முன்னும் பின்னுமாகப் புரட்டுகிறான். வரிக்கு வரி பென்சில் கோடு போட்ட புத்தகம். அவளை மட்டும் காணோம்.

"தேடாதீங்க. நீங்க இல்லாதப்ப நானும் தேடிப் பாத்துட்டேன்."

நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, வாரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்கிறாள். அசையவில்லை. பையை அவன் மடியில் வைக்கிறாள்.

"மூணு தையல் போட்டிருக்கேன். அறுந்துபோச்சுன்னு சொல்லிக்கிட்டு இந்தப் பக்கம் வர வேணாம்."