ஷெட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம்

ட்வைலா தன் பழைய ஸ்டேஷன் வேகனின் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் 15.10 என்று எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

எழுதும்மா, நல்லா பெரிசா எழுது.

ட்வைலா என் மனைவி. கால் மைல் தூரத்தை அவள் வண்டி அச்சுப் பிசகாமல் 15.10 நொடியில் ஓடும். போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஓடியது.

எங்கள் ஊர்ப் பந்தயத்தில் வேகமாக ஓடினால் மட்டும் ஜெயித்துவிட முடியாது. என் வண்டி இத்தனை நொடியில் ஓடும் என்று முன்கூட்டியே கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். மெதுவான வண்டியை அதற்கேற்ப முதலில் கிளப்பிவிடுவார்கள். எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் அம்பேல். அந்தக் குற்றத்தை இருவருமே செய்தால், குறைவாகச் செய்தவருக்கு வெற்றி.

வருடா வருடம் அக்டோபர் கடைசி சனிக்கிழமை, மற்றவர்களுக்கு முன்னால் நானும் அவளும் ஓட்டுவோம். ஜெயித்தவர் வண்டி குளிர்காலம் முழுக்க ஷெட்டுக்குள். தோற்றவர் வண்டி தார்ப்பாய்க்கு அடியில், பனியில். இண்டியானாவின் பனி லேசுப்பட்டதல்ல. ஐந்து வருடமாக என் நீல வண்டிதான் உள்ளே.

"இந்த வருஷமாவது ட்வைலாவுக்கு ஷெட்டு உண்டா, டெல்பர்ட்?" என்றான் வண்டிகளை வரிசையில் நிறுத்தும் ஆர்லோ.

"அவ சீட்டுக்கு அடியில குடியிருக்கிற எலிங்களைத்தான் கேக்கணும்" என்றேன்.

ட்வைலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அழகாகச் சிரித்தாள். பாவமாக இருந்தது. ஆனால் ரொம்ப இல்லை.

செவ்வாய்க்கிழமை நான் செய்தது இதுதான். அவள் உதிரிபாகக் கடை கவுண்டருக்கு வேலைக்குப் போனதும், அவள் வண்டிக்கடியில் நுழைந்தேன். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் தட்டைக் கழற்றினேன். ஸ்பிரிங்குகளை மாற்றி, எண்ணெய் போகும் துளையைப் பெரிதாக்கினேன். இனி அதில் கியர் வழுக்கிக்கொண்டு மாறாது. படாரென்று விழும். அந்த வண்டி பிறந்ததிலிருந்து அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்திருக்காது. அதுதான் அவளுக்கு ஆப்பு.

அதற்கான ஸ்பிரிங், டிரில் முனை எல்லாம் அடங்கிய கிட்டைக்கூட அவள் கடையில் வாங்கவில்லை. இரண்டு ஊர் தள்ளிப் போய் வாங்கினேன்.

இரண்டு வண்டியும் டிரெய்லரில் ஏறித்தான் மைதானத்துக்கு வந்தன. காலையில் மழை பெய்ததால் சோதனை ஓட்டமும் கிடையாது. கடவுளே நம் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கண்ணாடியில் 13.40. ஒன்பது வருடமாக அதே எண்தான், அழித்து எழுதியதே இல்லை.

அவள் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கிளம்பினாள்.

இரண்டாவது கியர் விழுந்ததும் ஸ்டேஷன் வேகன் பின்பக்கம் அமுங்கி, டயர் கீச்சென்றது. ஹெல்மெட்டுக்குள் நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

என் பச்சை எரிந்தது. மிதித்தேன்.

இரண்டாவது கியரில் யாரோ முதுகில் உதைத்த மாதிரி இருந்தது.

அடேயப்பா. என் வண்டியா இது? ஒரு நொடி எனக்கு அப்படியே பெருமை பொங்கியது.

மூன்றாவது கியரில் இன்னொரு உதை. பல்லோடு பல் மோதியது. அப்போதுதான் உறைத்தது, எவளோ என் வண்டியில் கை வைத்திருக்கிறாள்.

எவளோ என்ன எவளோ.

பிரேக்கைத் தொட்டிருக்கலாம். லேசாக ஒரு தட்டுத் தட்டியிருந்தால் ஷெட்டு என்னுடையது. அறிவு சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கால் கேட்கவில்லை. ஒன்பது வருடத்தில் என் வண்டி ஒரு நாளும் அப்படி ஓடியதில்லை. அந்தச் சுகத்தை விட மனசு வரவில்லை. கோட்டைத் தாண்டும்போது நான் கூவிக்கொண்டிருந்தேன்.

வெற்றி விளக்கு அவள் பக்கம் எரிந்தது.

நேரச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, ட்வைலா இரண்டு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஓடியது 15.02. நான் 13.19. இருவரும் மீறியிருந்தோம். நான் கூடுதலாக மீறியிருந்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இருவருமே எதையும் மறுக்கவில்லை.

"நான் செவ்வாய்க்கிழமை" என்றேன்.

"நான் வியாழக்கிழமை" என்றாள். பிறகு, கடை கவுண்டரில் நின்று கேட்கிற அதே குரலில் கேட்டாள். "அந்த கிட்டுல துளை போட ரெண்டு சைஸ் டிரில் முனை குடுப்பாங்களே டெல், சின்னது வீட்டு வண்டிக்கு, பெருசு பந்தயத்துக்கு. எதைப் போட்ட?"

"சின்னது" என்றேன். "பெருசு போட்டா உனக்கு கழுத்து கிழுத்து சுளுக்கிக்குமோன்னு பயந்துட்டேன்."

அவள் என் கன்னத்தை மெல்லத் தட்டினாள்.

"எவ்வளவு நல்லவன்டா நீ" என்றாள். "எனக்கு அதெல்லாம் தோணவே இல்ல."