படங்கள் இருக்கும் விலாசம்

மாட்டுங்கா வீட்டில் கம்ப்யூட்டர் தகராறு செய்தால் ஷ்யாமளா கூப்பிடக்கூடிய நம்பர் ஒன்றே ஒன்றுதான். காலையிலிருந்து தயங்கிவிட்டுக் கடைசியில் கூப்பிட்டாள்.

"ஜெயராம் பேசறேன். சொல்லுங்கோ."

"பொண்ணு ரஞ்சனாவைப் பத்தி அப்பப்போ மார்க்டவுன்னு வெறும் எழுத்து ஃபைலா எழுதி வெச்சதை அவ கல்யாணத்துக்குப் புஸ்தகமாப் போடறேன். பிடிஎஃப் ஆக்கினா எழுத்து மட்டும்தான் வரது. படம் ஒண்ணுகூட வரலை. சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிள் பிரஸ்ல குடுத்தாகணும்."

"அந்த ஃபைலுக்குள்ள படமே இருக்காது. படம் இருக்கற இடத்தோட விலாசம்தான் இருக்கும். ஃபோல்டரை நகர்த்தினேளா?"

"நான் எதையும் தொடலையே."

"முதல் படம் என்ன?"

"செம்பூர் ஃப்ளாட் பால்கனில குழந்தை மழைல நனைஞ்சுண்டு நிக்கறது."

"அதுக்கு என்ன விலாசம் போட்டிருக்குன்னு படிங்கோ."

ஷ்யாமளா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். "டி டிரைவ்... ஜெயராம்... நம்மாத்து ஃபோட்டோ..."

 

"டைவர்ஸ் ஆகி நீ கிளம்பினப்போ, எழுதினதை மட்டும் பென் டிரைவ்ல எடுத்துண்டு போனே. படமெல்லாம் என்கிட்டயே நின்னுடுத்து."

"எப்பவோ அழிச்சிருப்பேள்னு நெனச்சேன்."

"அதுக்கப்புறம் ரெண்டு லேப்டாப் மாத்தியாச்சு, ஷ்யாமு. அந்த ஃபோல்டரை மட்டும் அதே பேர்ல, அதே இடத்துல வெச்சிருக்கேன். என்னிக்காவது உன் ஃபைல் தேடிண்டு வருமேன்னுதான்."