முத்துப்பிள்ளை

“முத்துன்னுதான் பேரு வைக்கணும், ஆத்தா...”

“குலசாமி பேரை வுட்டுட்டு முத்தாம் முத்து. மாதேஸ்வரன்னுதான்...”

“டாக்டரம்மாவே வயித்துல இருக்கறது முத்துப்பிள்ளைன்னு சொல்லிட்டாங்க. அவங்க வாக்கை மாத்தலாமா?”

“ஏண்டா, அந்த வெள்ளைக்காரியா வந்து உம்புள்ளைக்குக் கால் கழுவி வுடப் போறா?”

பச்சியப்பன் ஆத்தா ரங்கம்மாளைப் பார்த்துச் சிரித்தான். கலியாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்த சண்டை இது, தோற்றாலும் இனித்தது. சேலம் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆண்களை உள்ளே விடவில்லை. அவன் பெண்டாட்டி செல்லிதான் வெளியே வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள். ரயில் பொம்மிடி வந்து சேரும்வரை வேறெதுவும் பேசவில்லை.

இப்போதும் சுவரோடு சாய்ந்துதான் இருந்தாள். நாலு மாசத்துக்கு ஏழு மாச வயிறு. காலையில் குடித்த கூழ் அப்போதே வெளியே வந்துவிட்டது. இடையிடையே உதிரம் வேறு பட்டது.

“ரெட்டையா இருக்கும், அதான் இந்தப் பாடு,” என்று ரங்கம்மாள் மருமகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். “நீ குடத்தைத் தொடாதே தாயி. தண்ணிக்கு நான் போறேன்.”

வாசலில் மாட்டுவண்டி நின்றது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா இறங்கி வந்தாள்.

“மறுநாளே வந்து படுக்கச் சொன்னோம். பதினோரு நாளாச்சு. யுத்த காலம், ரயில்ல எடம் கெடைக்கலையோன்னு பார்த்தோம். ஏன் கூட்டியாரலை?”

“பிரசவத்துக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்குதுங்களே” என்றான் பச்சியப்பன்.

நர்ஸம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “முத்துப்பிள்ளைன்னா புள்ளையே இல்லைய்யா. கர்ப்பப்பை நெறைய கொத்துக்கொத்தா நீர்க்கட்டி. ஒடனே எடுக்கணும். வுட்டா புத்துநோயா மாறி நெஞ்சுக்கு ஏறிடும். உசுரு நிக்காது.”

ரங்கம்மாள் ஈரத்துணியோடு நர்ஸம்மா முன்னால் வந்து நின்றாள்.

“எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலீங்களே.”

நர்ஸம்மா செல்லியைக் காட்டினாள். “இந்தம்மாகிட்ட ரெண்டு தரம் சொன்னோம். புரிஞ்சுதான்னு கேட்டதுக்குத் தலையாட்டினாங்க.”

பச்சியப்பன் மெதுவாகத் திரும்பினான். “ஏ புள்ளே... தெரிஞ்சேவா இருந்தே?”

செல்லி இருமினாள். வாயைத் துடைத்த முந்தானையில் சிவப்பாய் ஒட்டியிருந்தது. அதை மடித்துக்கொண்டாள்.

“இந்த நாலு மாசமா அத்தை என்னை மலடின்னு கூப்பிடலீங்க. இன்னும் கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கட்டும்னு பார்த்தேனுங்க.”