கடலுக்கு ஒதுக்கிய இடம்

தூத்துக்குடி கடலாய்வு நிலையத்தில் ஜெரோசாவுக்கு ஒரே வேலைதான். தினமும் காலையில் ஒரு செம்பு கடல்நீரில் கருவி படித்துத் தரும் மரபணு வரிசைகளை வைத்து, சர்வரில் அன்றைய தரவுத்தளத்தை உருவாக்க வேண்டும். அதில் நூறு வகை உயிர்கள் தேறினால் மீன்பிடித் தடை நீங்கும். தடை விழுந்து பதினோரு வருடத்தில் நாற்பதைத் தாண்டியதில்லை.

அன்று வேலை பாதியில் நின்றது. திரையில், 'இடம் போதவில்லை.'

பழைய கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மறுபடியும் நின்றது. ஒரே வரிசை திரும்பத் திரும்ப விழுந்து தொலைத்திருக்கும் என்று எரிச்சலோடு கோப்பைத் திறந்தாள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

நீர் மொண்டு வரும் ரெக்சனைக் கூப்பிட்டாள். "அண்ணே, தண்ணிய வேற எங்கயும் எடுத்தீங்களா?"

"அதே எடந்தான் தாயி."

அப்போதுதான் உறைத்தது. செத்த கடலுக்குச் சர்வரில் இவ்வளவு இடம் போதும் என்று பதினோரு வருடத்துக்கு முன்னால் எல்லை வைத்தவளே அவள்தான். அதை எடுத்துவிட்டு ஓட்டினாள்.

சாளை, சீலா, ஊளி, கடல்குதிரை, பெயரே இல்லாதவை. எண்ணிக்கை தொள்ளாயிரத்தைத் தாண்டியும் பட்டியல் நிற்கவில்லை.

தடைக்குப் பிறகு மீன்பிடியை விட்டு உப்பளத்தில் லாரி ஓட்டும் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, நம்ம வள்ளம் கெடக்குல்லா?"

"கெடக்கு. கோழி அடையுது அதுல. எதுக்குட்டி?"



"கோழிய வெரட்டுங்க."