முற்றத்தை அளந்தவர்

இப்பத்தைய ஆக்களுக்குப் படலை எதற்கென்று தெரியாது. வெளியில் நின்று ஒரு குரல் குடுத்தால் வாய் தேய்ந்து போமே? அன்றைக்குக் காலமை முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், முற்றத்தில் ஒரு நெட்டை மனிசன் குந்தியிருந்து நாடா பிடித்து அளக்கிறார். படலை பூட்டின பூட்டாக் கிடக்குது. கிணற்றடி வேலியில் ஓலை விலகின பொட்டுக்குள்ளால் பூந்து வந்திருக்கிறார். அந்தப் பொட்டு வெளியாளுக்குத் தெரியாது.

நாங்கள் இருப்பது எங்கள் வீடு இல்லை. வேலணையில் வெளிநாட்டுக்குப் போன ஆக்கள், வீட்டுக்கு விளக்கு வைக்கவென்று ஆரையும் இருத்திவிட்டுப் போவார்கள். எங்களை இருத்தின தரகர் செத்துப் போனார். காணிக்காரரின் முகத்தை நாங்கள் கண்டதேயில்லை. என்றைக்கோ வந்து வீட்டை விட்டு எழுப்புவார் என்ற பயத்தோடுதான் நானும் மனிசி இராசேஸ்வரியும் சோறு தின்கிறோம்.

"வந்திட்டார்," என்றாள் மனிசி கதவுக்குப் பின்னால் நின்று.

"பொத்து வாயை. முதல் ஆரெண்டு கேப்பம்."

"கேளுங்கோவன். காணி உறுதியைக் காட்டச் சொல்லி உறுக்குங்கோவன், பெரிய ஆள்!"

கிட்டப் போனேன். "ஆர் நீர்?"

துள்ளி எழும்பினார். நான் அண்ணாந்துதான் பார்க்கவேண்டியிருந்தது. "தயாபரன், ஐயா. படலை பூட்டிக் கிடந்துது, அதுதான்…"

அளக்க வந்தவன் ஐயா போட்டுக் கதைத்தால், அதற்குள் ஏதோ இருக்கு.

"எங்கட முத்தத்திலை உமக்கென்ன அளவை?"

"சின்னனிலை இந்த முத்தத்திலைதான் ஐயா பந்து பிடிச்சுப் பழகினனான். அந்த வேம்பிலை ஒரு வளையம் அடிச்சிருந்தவை. பிறகு நாட்டுக்காகக் கூடைப்பந்து விளையாடினன். கால் ஏலாமப் போகக் கோச்சரா இருந்தன். இப்ப கொழும்பிலை ஒரு கழகத்துக்குப் பணிப்பாளர்."

"பந்தெறிஞ்சதுக்குப் பணிப்பாளர் வேலையோ?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த முற்றத்தில் விளையாடி வளர்ந்தவனென்றால் காணிக்காரரின் மகன்தான். வேறு ஆர்?

மனிசி செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். "உள்ளுக்கு வாங்கோ தம்பி, கதிரையிலை இருங்கோ."

"இல்லையம்மா, நான் இதிலையே நிக்கிறன்."

செம்பை நீட்டினாள். அவர் அதை வாங்காமல் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினார். அவள் ஊற்ற ஊற்றக் கையால் குடித்தார். எங்கள் செம்பில் வாய் வைக்க அருவருப்பாக்கும் என்று நினைத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு மெள்ளத் தொடங்கினார். "இஞ்சத்தைப் பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பந்து பழக இடமில்லை. இதிலை ஒரு மைதானம் போடவேணும், ஐயா. அதைக் கதைக்கத்தான் வந்தனான்."

முற்றம் போனால் வீடும் போன மாதிரித்தான். இந்த வயதில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எந்த ஒழுங்கையில் போய் நிற்கிறது?

"தம்பி, எங்களுக்குப் போக்கிடம் இல்லை. வீட்டை எடுங்கோ, காணியை எடுங்கோ. அந்தக் குசினியை மட்டும் விடுங்கோ, ஒரு மூலையிலை கிடப்பம்." சொல்லிக்கொண்டே கும்பிட்டுப் போட்டேன். மனிசி அழத் தொடங்கினாள்.

அவருடைய முகம் வெளிறியது. நாடா கையிலிருந்து விழுந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கினார்.

"ஐயோ, என்னைக் கும்பிடாதேங்கோ! நீங்கள்தான் காணிக்காரர் எண்டு நினைச்சு, துரத்திப் போடுவியளோ எண்டு நான் பயந்துகொண்டு நிக்கிறன். அந்த நாளிலை இந்த முத்தத்தைக் கூலிக்குக் கூட்டினது என்ர அம்மா, ஐயா."

மனிசி அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நம்பவில்லை. முற்றம் கூட்டினவளின் பிள்ளைக்கு ஆர் பணிப்பாளர் வேலை குடுக்கிறது? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டப் பக்கம் நடந்தவன், திரும்பி நின்று கத்தினேன்.

"காணிக்காரன் எண்டால் சொல்லித் துலையும், தம்பி!"