சீற் எல்லாம் எனக்கு

"ஒரு சீற் கூட மிச்சம் விடமாட்டன், தங்கச்சி. உடைஞ்ச துண்டும் எனக்குத்தான். சம்மதமெண்டால் நாளைக்கே ஏணியோடை வாறன்."

கூரை வேலை செய்யும் யாகோப்பு, படலையில் நின்றபடியே நிபந்தனை போட்டார்.

குருநகரில் லவீனாவின் வீட்டுக் கூரைக்கு நாற்பது வயது. பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டுச் சீற்றைக் கழற்றிவிட்டு ஓடு போடப் போகிறார்கள். கழற்றிய சீற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லவீனா யோசிக்காமல் தலையாட்டினாள்.

"இன்னொண்டு," என்றார் யாகோப்பு. "உந்தச் சீற்றின்ரை தூசி நெஞ்சுக்குள்ளை போனால் பிறகு வெளியிலை வராது. சின்னப் பிள்ளை இருக்கெல்லே? வேலை முடியுமட்டும் வேறை எங்கையாவது விடுங்கோ."

லவீனாவுக்கு அது போதும். நாலு வயது மகள் ஜெசிதாவுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு. அன்று பின்னேரமே பிள்ளையைப் பருத்தித்துறை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்த் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

யாகோப்பு வேலை செய்வதைப் பார்க்கத் தனிப் பொறுமை வேண்டும். முகத்தில் தடித்த மாஸ்க். கூரைக்கு முதலில் தண்ணீர் அடிப்பார். சுத்தியலைத் தொடமாட்டார். துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, இரண்டு பேர் பிடித்துச் சீற்றை மெதுவாக இறக்கி, கறுப்புப் பொலித்தீனால் சுற்றி ஒட்டுவார்கள். லவீனா தும்புத்தடியை எடுத்தால், "கூட்டாதேங்கோ தங்கச்சி, ஈரத் துணியாலை துடையுங்கோ" என்று மேலேயிருந்து சத்தம் வரும்.

"அந்தோனியார் சுரூபத்தை இறக்கிறமாதிரியெல்லே இறக்கிறார்," என்று லவீனாவின் கணவன் எமில்ராஜ் சிரித்தான்.

நாலாம் நாள் பங்குத்தந்தை அந்தப் பக்கமாக வந்தார். கோயில் முன்பள்ளியில் பிள்ளைகள் வெயிலுக்குள் இருந்து சாப்பிடுகிறார்களாம். ஒரு கொட்டில் போட்டால் நல்லது என்றார்.

"பத்துச் சீற் நான் தாறன், பாதர்," என்றாள் லவீனா. வாய் முந்திவிட்டது.

"நல்லது பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய உங்கடை பேரைச் சொல்லி அறிவிக்கிறன்."

பங்கு முழுவதும் கேட்கப் பெயர் வாசிப்பதென்றால் சும்மாவா? லவீனாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பாதர் போனதும் யாகோப்பிடம் ஓடினாள்.

"அண்ணை, கோயில் முன்பள்ளிக் காரியம். ஒரு பத்துச் சீற் விட்டிட்டுப் போங்கோ."

"ஏலாது, தங்கச்சி."

"அஞ்சு சீற்றாவது?"

"அரைச் சீற்றும் இல்லை. கதைச்சது கதைச்சதுதான்."

சொன்னபடியே செய்தார். எல்லாவற்றையும் லான்ட்மாஸ்டர் இழுவைப் பெட்டியில் ஏற்றினார். சிந்திக் கிடந்த துண்டு துணுக்குகளைக் கூட நனைத்துப் பொறுக்கி உரப்பையில் கட்டிக்கொண்டு போனார்.

லவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தியளே," என்றாள் எமில்ராஜிடம். "தூசி ஆகாது, நெஞ்சுக்குக் கூடாது எண்டு எங்களைப் பயப்படுத்தினது இதுக்குத்தான். அள்ளிக்கொண்டு போய் எங்கையோ விக்கப் போறார். கோயிலுக்குக் கூடக் குடுக்க மனம் வராத மனுசன்."

எமில்ராஜிடம் சொன்னதோடு அவள் நிற்கவில்லை. மீன் சந்தையில் சொன்னாள், தையல்காரி வீட்டில் சொன்னாள். இரண்டு நாளில் அந்த ஒழுங்கை முழுக்க யாகோப்புக்குப் பேராசைக்காரன் என்ற பெயர் வந்துவிட்டது.

ஆனால் விடிந்தால் ஞாயிறு. பாதர் பெயரை வாசித்துவிட்டுச் சீற் எங்கே என்று கேட்டால் முகத்தை எங்கே வைப்பது? சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, இளவாலைப் பக்கம் யாகோப்பின் பனங்காணிக்கே போனாள். கெஞ்சியாவது வாங்கிவிடுவது என்று முடிவு.

காணியின் ஒரு மூலையில் முள்ளுக்கம்பி அடைத்திருந்தது. உள்ளே நிலத்தில் ஆளுயர ஆழத்துக்கு வெட்டிய கிடங்கு. அதற்குள் அவளுடைய வீட்டுச் சீற், சுற்றிய பொலித்தீன் கூடப் பிரிக்காமல், அடுக்காகக் கிடந்தது. யாகோப்பு மண் தள்ளி மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏற்கெனவே மூடிய மேடுகள் நாலைந்து.

லவீனா கம்பியோரம் போனாள்.

"என்னண்ணை, புதைக்கிறியள்?"

"ஓம். வேறை என்ன செய்யிறது?"

"அப்ப ஏன் எல்லாம் எனக்குத்தான் வேணுமெண்டு அந்தப் பிடி பிடிச்சனீங்கள்? ஆகாத சாமான், புதைக்க வேணுமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டிருப்பமே?"

யாகோப்பு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"ஆகாதெண்டு முதல் நாளே சொன்னன்தானே, தங்கச்சி. கேட்டவுடனை உங்கடை பிள்ளையைப் பருத்தித்துறைக்கு அனுப்பினியள். சீற்றை முன்பள்ளிக்குச் சொல்லிப்போட்டியள்."

லவீனாவுக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. ஊரெல்லாம் தான் சொல்லித் திரிந்த சொல் வேறு நெஞ்சில் குத்தியது.

"நான்... உங்களைப் பற்றிச் சனத்திட்டைப் பிழையாக் கதைச்சுப் போட்டன், அண்ணை."

"கேள்விப்பட்டன். அதை மாத்திச் சொல்லிப் போடாதேங்கோ," என்றார் யாகோப்பு, அடுத்த மண்ணைத் தள்ளியபடி. "புதையுங்கோ எண்டு நான் சொன்ன வீடுகளிலையிருந்துதான் உது ஆட்டுக் கொட்டிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனது. பேராசைக்காரனாய்க் கேட்டாத்தான் ஒண்டு விடாமல் இந்தக் கிடங்குக்கு வருது."